சாட்சியில் இடம்பெறாத பார்வோன்: தமிழ்க் கிறிஸ்தவ நினைவுகூர்தல் மரபு – ஒரு திறனாய்வு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் வடமேற்கு எல்லையில் கிரியான் ஆற்றை ஒட்டி அமைந்த நகர் பாரிட் புந்தார். ஆற்றிற்கு அப்பால் கெடாவின் பண்டார் பாரு. அண்மையில் பினாங்கு மாநிலத்தின் நிபோங் தெபால். தெற்கே பாகான் செராய். கரும்பு, நெல், ரப்பர், செம்பனை என நான்கு பயிர்களின் வரலாற்றைத் தன்னுள் கொண்ட இவ்வட்டாரத்தில் தமிழர் வாழ்வு நூறாண்டைக் கடந்தது. இங்குள்ள தமிழ்த் திருச்சபைகளிலும் வீட்டு செபக் கூட்டங்களிலும் தொடர்ந்து நிகழ்ந்துவரும் ஒரு மொழிச் செயல் 'சாட்சி'. கடவுள் தமக்குச் செய்ததை ஒருவர் எழுந்து நின்று, பிறர் கேட்கச் சொல்வதே அது. சில மணித்துளிகளில் முடிந்துவிடும், எழுதிவைக்கப்படுவதில்லை, சொன்னவரின் பெயரும் எங்கும் பதிவாவதில்லை.

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறுகள் சிறுகதை, புதினம், மரபுக்கவிதை, புதுக்கவிதை, நாடகம் ஆகியவற்றை வகைப்படுத்தியுள்ளன. நாட்டார் வழக்காற்று ஆய்வுகள் தோட்டப்புறத் தாலாட்டையும் ஒப்பாரியையும் தொகுத்துள்ளன. இவ்விரு தொகுதிக்கும் இடையில் விடுபட்டு நிற்பது சாட்சி. சமயத்தார் அதனை வழிபாட்டின் பகுதி என்பர். இலக்கியத்தார் அதனைச் சமயத்தின் பகுதி என்பர். இரு சாராரும் கைவிட்ட இவ்வடிவத்தை ஒரு கதைகூறல் வகையாகக் கொண்டு, அது எதனை நினைக்கின்றது, எதனை மறக்கின்றது, எவரோடு பகிர்கின்றது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எழுப்புகின்றது. நினைவுகூர்தல் பற்றிய திருமறை மரபும், தமிழ்ப் பக்தி மரபும், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் படைப்புகளும் இம்மதிப்பீட்டிற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்பெறுகின்றன.

சொல்லும் பொருளும்

கண்டதைக் கண்டவாறு உரைப்பவனைப் பழந்தமிழ் 'கரி' என்றது. திருக்குறளின் நீத்தார் பெருமை அதிகாரத்தில் இந்திரன் அவ்வாறே கரியாகச் சுட்டப்பெறுகின்றான். 'சான்று' என்பது தமிழில் பின்னும் விரிந்த பொருளுடையது. சான்றோர், சான்றாண்மை என்னும் சொற்களோடு உறவுடையது. 'சாட்சி' வடமொழிவழி வந்தது. கண்ணால் கண்டவன் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டது. 1871இல் நிறைவுற்ற ஐக்கியத் திருத்தப் பதிப்பின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையினரின் வேதாகமம் 'சாட்சி' என்னும் சொல்லை ஆள்கின்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'சான்று பகர்தல்' என்கின்றது. கிரியான் வட்டாரத் தமிழ்க் கிறிஸ்தவரின் நாவில் இன்றும் நிலைத்திருப்பது 'சாட்சி சொல்லுதல்' என்னும் வழக்கே.

மூன்று சொற்களுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. சாட்சி தனியே நிகழ்வதன்று. கண்டவர் ஒருவர், கேட்பவர் பிறர், கண்ட செய்தி ஒன்று என மூன்றும் கூடினாலன்றிச் சாட்சி அமையாது. நாட்குறிப்பு எழுதுபவனுக்குக் கேட்போர் தேவையில்லை. சாட்சி சொல்பவனுக்குத் தேவை. அன்றியும், நீதிமன்றச் சொல்லாகவும் விளங்குவதால், சாட்சிக்கு ஓர் அறக்கடப்பாடும் உண்டு. கண்டதனைத்தையும் சொல்லவேண்டும், காணாததைக் கூட்டலாகாது, கண்டதில் ஒரு பகுதியை மறைத்தலும் ஆகாது. இக்கடப்பாட்டின் இறுதிப் பகுதியே இக்கட்டுரையின் மையம்.

திருமறை மரபில் நினைவுகூர்தல்

இஸ்ரவேலரின் சமய வாழ்வில் நினைவுகூர்தல் என்பது உணர்ச்சி மட்டுமன்று, அது கட்டளை. இதற்குரிய வடிவங்களை நான்கு இடங்களில் தெளிவாகக் காணலாம்.

முதலாவது, உபாகமம் 26ஆம் அதிகாரம். முதற்கனிகளைக் கூடையில் கொண்டுவரும் உழவன் ஆசாரியனுக்கு முன்னின்று ஒரு வரலாற்றைச் சொல்லவேண்டும். தன் முன்னோன் அலைந்து திரிந்த ஓர் அரமேயன் என்பதும், சிறு கூட்டமாக எகிப்துக்குச் சென்றதும், அங்குக் கடுமையான வேலை சுமத்தப்பட்டதும், கூக்குரலிட்டதும், விடுவிக்கப்பட்டதும், நிலம் பெற்றதும் அதில் இடம்பெறும். நன்றி சொல்ல வந்தவன் தன் விளைச்சலைப் பற்றி மட்டும் பேசவில்லை. தன்னை அடிமையாக்கியவர் யார் என்பதையும், சுமத்தப்பட்ட வேலை எத்தகையது என்பதையும் இறைவன் திருமுன் உரைக்கின்றான். அச்சடங்கு உரையோடு முடிவதில்லை; லேவியரோடும் அவர்களிடையே வாழும் அயலாரோடும் கூடி மகிழ்வதில் நிறைவெய்துகின்றது.

இரண்டாவது, யோசுவா 4ஆம் அதிகாரம். யோர்தானின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்கள் எடுத்து நாட்டப்பெறுகின்றன. பிற்காலத்தில் பிள்ளைகள் 'இக்கற்கள் ஏன்' என்று வினவும்பொழுது பெற்றோர் விடையிறுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இங்குச் சாட்சியின் தொடக்கம் சொல்பவனின் ஆர்வமன்று. கேட்கும் பிள்ளையின் வினா.

மூன்றாவது, 78ஆம் சங்கீதம். அடுத்த தலைமுறைக்குக் கடவுளின் செயல்களை மறைக்கலாகாது எனத் தொடங்கும் இந்நெடும் பாடல், முன்னோரின் பெருமையைக் காட்டிலும் அவர்தம் முரண்பாட்டையும் மறதியையுமே மிகுதியாகப் பேசுகின்றது. தம் குலத்தின் குறையைத் தாமே பாடும் வழிபாட்டுப் பாடல் அது.

நான்காவது, 107ஆம் சங்கீதம். மீட்கப்பட்டோர் அதனைச் சொல்லுக என அழைக்கும் இப்பாடல், பாலைநிலத்தில் வழிதப்பியோர், சிறைப்பட்டோர், நோயுற்றோர், கடலில் தத்தளித்தோர் என நான்கு கூட்டத்தாரை வேறுபடுத்திக் காட்டுகின்றது. துன்பம் பொதுச்சொல்லால் கூறப்படவில்லை. ஒவ்வொன்றிற்கும் அதற்குரிய நிலமும் நிகழ்வும் உண்டு.

இந்நான்கையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, துன்பத்தின் காரணத்தைப் பெயரிட்டுக் கூறல், 'நான்' என்பதினும் 'நாங்கள்' என்பதை முன்னிறுத்தல், தம் குறையையும் மறையாமை, கேட்போரின் வினாவிற்கு இடந்தரல் ஆகிய நான்கு இயல்புகள் புலனாகின்றன.

தமிழ்ப் பக்தி மரபு

அருளப்பெற்ற அனுபவத்தைப் பிறர் கேட்க உரைப்பது தமிழுக்குக் கிறிஸ்தவத்தோடு வந்த புதுமையன்று. சமண மடத்தில் தருமசேனராயிருந்த திருநாவுக்கரசர் சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகை வீரட்டானத்தில் பாடிய முதற் பதிகம், நோயையும் நோயிடத்து எழுந்த முறையீட்டையும் ஒளிவின்றி உரைக்கின்றது. மாணிக்கவாசகரின் திருவாசகம், திருப்பெருந்துறையில் தம்மை ஆட்கொண்ட செயலையே மீண்டும் மீண்டும் நினைந்துருகுகின்றது. இறைவனை நோக்கிப் பேசப்பெற்ற சொல் அடியார் கூட்டத்தாராலும் கேட்கப்பெறுகின்றது. ஏறத்தாழ 400ஆம் ஆண்டளவில் இலத்தீனில் எழுதப்பெற்ற புனித அகுஸ்தீனாரின் தன்வரலாறும் இதே அமைப்பினது. கடவுளை விளித்துச் சொல்லப்படும் அதனைப் படிப்போர் அருகிருந்து கேட்போராகின்றனர்.

பக்தி மரபின் ஒரு குறையையும் ஈண்டுக் கூறுதல் முறை. நாவுக்கரசரின் பாடல்களில் சமணச் சார்பில் கழிந்த நாள்களைப் பற்றிய இரக்கமும், சமணரைப் பற்றிய இகழ்ச்சியும் பின்னிக் கிடக்கின்றன. மீட்பைச் சொல்லும் நாவு, தான் நீங்கிவந்த கூட்டத்தைத் தாழ்த்திச் சொல்லும் இயல்பு பிற்காலச் சாட்சிகளிலும் தொடர்கின்றது. இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய குறையன்று. திரும்பிவந்தோரின் கதைகூறல் வகைக்கே உரிய குறை எனலாம்.

கிறிஸ்தவத் தமிழில் இம்மரபைக் கூத்திற்கும் இசைக்கும் கொண்டுசென்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864). நாட்டுவளமும் மலைவளமும் கூறிக் குறிசொல்லும் குறத்தியின் வாயில், அவர்தம் பெத்லகேம் குறவஞ்சி, இறைவனின் செயல்களை வைத்தது. குறத்தி ஊர்தோறும் நடப்பவள். வாயிலில் நின்று பேசுபவள். நற்செய்தியைச் சொல்லுதற்கு மேடையைவிட வாயிலே ஏற்றது என்னும் நுட்பத்தை அவ்வடிவத் தேர்வு உணர்த்துகின்றது.

கிருஷ்ண பிள்ளை: உரைநடையும் காப்பியமும்

தமிழ்க் கிறிஸ்தவ நினைவுகூர்தல் மரபின் முழுமையான சான்று எச். ஏ. கிருஷ்ண பிள்ளையே (1827 – 1900). திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் தோன்றி, கம்பனிலும் வைணவ நூல்களிலும் தோய்ந்து வளர்ந்த இவர், 1853இல் சாயர்புரம் கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றை உரைநடையில் தாமே எழுதியுள்ளார். அமெரிக்க அறிஞர் டென்னிஸ் ஹட்சன் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கிருஷ்ண பிள்ளையின் மனமாற்றத்தில் வைணவச் சமயக் கருத்துகளுக்கும் கிறிஸ்தவக் கருத்துகளுக்கும் இடையே காணலாகும் இணைகளை ஆராய்ந்துள்ளார். பழைய வீட்டை இடித்துப் புதிய வீடு கட்டியவராகவன்றிப் பழைய வீட்டின் தூண்களைக் கொண்டே புதிய வீட்டை எழுப்பியவராகவே அவரைக் காணவேண்டியுள்ளது.

அவர்தம் இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் தொடராக வெளிவந்து 1894இல் நூலுருப் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களையுடைய இக்காப்பியம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலைத் தழுவியது. அந்நூலுக்கு முன்பே, 1666இல், பனியன் தம் வாழ்வில் பெற்ற அருளைத் தன்வரலாறாக எழுதியிருந்தார். சிறையிலிருந்து தம் சபையாருக்கு அதனை விடுத்த அவர், இஸ்ரவேலர் தம் நாற்பதாண்டு வனாந்தரப் பயணத்தை நினைக்கப் பணிக்கப்பட்டதை முன்னுரையில் எடுத்துக்காட்டி, அவரவர் தம் தொடக்க அனுபவங்களை நினைவில் தேடுமாறு வேண்டுகின்றார். அதாவது, மூலநூலாசிரியர், தழுவலாசிரியர் ஆகிய இருவரும் முதலில் சாட்சி சொன்னவர்கள்; பின்னரே உருவகக் கதை படைத்தவர்கள்.

பனியனின் பயணக்கதையில் சாட்சிக்கு இரண்டு சிறப்பிடங்கள் உண்டு. பயணி ஓர் அழகிய மாளிகையில் தங்கும்போது, அங்குள்ள மகளிர் அவனிடம் வழியில் கண்டவற்றை ஒவ்வொன்றாக வினவுகின்றனர். வீட்டாரை ஏன் உடனழைத்து வரவில்லை என்பது வரை கேட்கின்றனர். சாட்சி அங்கே உரையாடல். குறுக்கு வினாவிற்கு உட்பட்டது. பின்னர், உறக்கத்தைத் தூண்டும் மாய நிலத்தைக் கடக்கும்போது, உறங்கிவிடாதிருத்தற்பொருட்டு, பயணியும் நம்பிக்கை என்னும் தோழனும் உரையாடத் தொடங்குகின்றனர். கடவுள் தன்னிடத்துச் செயற்படத் தொடங்கியது எவ்வாறு எனத் தோழன் விரிவாகச் சொல்கின்றான். நினைவைப் பகிர்தல் விழித்திருத்தலுக்கான வழி என்பது இப்பகுதியின் உட்பொருள். சாட்சி என்பது கேட்போரை மகிழ்விக்கும் அணிகலன் அன்று. சொல்வோரையும் கேட்போரையும் உறங்கவிடாத கருவி.

கிருஷ்ண பிள்ளை இக்கதையைத் தமிழாக்கியபோது, காப்பியத்தின் இடையிடையே தேவாரப் பதிகங்களையும் அமைத்தார். கதைமாந்தரின் பயணம் படிப்போரின் துதியாக மாறும் இடங்கள் அவை. மூன்றாமவரின் கதை திடீரென முதலாமவரின் பாடலாகின்றது. சாட்சியைக் கேட்டவர் அதனைத் தமதாக்கிக்கொள்ளும் முறையை இவ்வமைப்பு காட்டுகின்றது. தாம் பிறந்த மரபின் யாப்பையும் சொல்லையும் கொண்டே அதனைச் செய்தமையால், அவர்தம் நன்றியுரை விட்டுவந்த இல்லத்தை அவமதிக்காத நன்றியுரையாக அமைந்தது. 1898இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய சமய நிர்ணயம் வாதநூல் என்பது உண்மையே. எனினும் வாதத்தில் நின்ற கிருஷ்ண பிள்ளையினும் பாட்டில் கரைந்த கிருஷ்ண பிள்ளையையே தமிழுலகம் நினைவில் கொண்டுள்ளது. இஃது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கிரியான் வட்டாரச் சாட்சி: அமைப்பு

இவ்வளவுகோல்களோடு கிரியானுக்கு வருவோம். இங்குத் தமிழ்க் கிறிஸ்தவம் பல வாயில்கள் வழியாக வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், பின்னர் மலாக்கா ஆயரான பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே, தமிழ்க் கத்தோலிக்கருக்காகப் பாகான் செராயில் உருவாக்கிய வேளாண்மைக் குடியேற்றம் சூசைப்பாளையம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்ட காலமது. அம்முறை மலாயாவில் 1910இல்தான் நீக்கப்பட்டது. 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவுற்று நெல் பெருகியது. கரும்பு ஒழிந்து ரப்பர் பரவியது. 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்த பணி மலாயாத் தமிழரிடையேயும் பரவியது. 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி ஏற்படுத்திய சிறு வகுப்புக் கூட்டங்களில் ஒவ்வொருவரும் தம் ஆன்ம நிலையைச் சொல்லவேண்டும் என்ற வழக்கம் அம்மரபின் அடித்தளம். பின்னர் வந்த பெந்தெகொஸ்து சபைகள் சாட்சியை வழிபாட்டின் நடுவிலேயே வைத்தன.

இன்று கேட்கப்பெறும் சாட்சிகளின் பொதுவமைப்பு மூன்று பகுதிகளாலானது. இருண்ட முற்காலம், திடீர்த் திருப்பம், ஒளிபெற்ற தற்காலம் என்பன அவை. முற்காலத்தில் பெரும்பாலும் இடம்பெறுவன கள்ளும் சாராயமும், நோய், கடன், குடும்பச் சண்டை. திருப்பத்தில் ஒரு செபம், ஒரு கனவு அல்லது அண்டைவீட்டாரின் அழைப்பு. இறுதியில் குடி நின்றது, பிள்ளை படித்தது, நோய் நீங்கியது. தொடக்கத்திலும் முடிவிலும் மாறாத வாய்பாட்டுத் தொடர்கள் உண்டு. வாய்மொழி மரபுக்கு வாய்பாடு இயல்பானதே. எழுதிவையாத நினைவு அவற்றைப் பற்றிக்கொண்டே நடக்கும்.

இவ்வடிவம் தோட்டப்புறத் தமிழருக்கு அளித்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும்போது மட்டும் குரல் எழுப்பிய பெண், கங்காணிக்கும் கிராணிக்கும் முன் வாய்திறந்தறியாத பெண், எழுந்து நின்று தன் வாழ்வைத் தன் சொல்லால் சொல்லவும், மற்றையோர் அமைதியாக இருந்து கேட்கவும் ஓர் இடம் கிடைத்தது. அவளுடைய கதைக்கு முதலும் முடிவும் உண்டு, அதற்குப் பொருளும் உண்டு என ஒரு கூட்டம் ஏற்றுக்கொண்டது. எழுத்தறிவு வேண்டப்படாத தன்வரலாறு இது. தமிழ்ப் பெண்கள் தம் வாழ்வைத் தாமே உரைத்த வடிவங்கள் பற்றிய எந்த ஆய்வும் இதனை விட்டுவிடலாகாது.

பார்வோன் எங்கே?

எனினும், திருமறை மரபோடு ஒப்பிடும்போது ஒரு பெரும் வெற்றிடம் புலனாகின்றது. கள்ளைப் பற்றிய சாட்சிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 'குடித்துக் கெட்டேன், கடவுள் தூக்கியெடுத்தார்' என்பதில் குடித்தவன் உள்ளான், தூக்கியெடுத்தவர் உள்ளார், கடை இல்லை. கள்ளுக்கடை தானாக முளைத்ததன்று. அது குடியேற்ற ஆட்சியின் உரிமம் பெற்று, தோட்டங்களிலேயே லயங்களுக்கு எட்டும் தொலைவில் அமைந்தது. கூலி கொடுத்த இடத்திலேயே கூலியைத் திரும்பப் பெறும் வாயிலாகவும் அது அமைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதனைத் தலைவராகக் கொண்டு நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின், 1946 – 1947இல், கெடாவின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தனர். கள்ளை ஒரு தனிமனிதனின் பாவமாக மட்டும் காணாமல், தம்மேல் சுமத்தப்பட்ட தளையாகவும் கண்டவர்கள் அவர்கள்.

உபாகமத்து உழவன் எகிப்தியரைப் பெயர்சொல்லிக் குறித்தான். அவன் தன் விடுதலையைச் சொல்லும்போது தன்னை அடிமைப்படுத்தியவரை விட்டுவிடவில்லை. தோட்டத்துச் சாட்சியிலோ செங்கடல் உண்டு, கானான் உண்டு, பார்வோன் இல்லை. அவனுடைய இடத்தில் சாட்சி சொல்பவரே குற்றவாளியாக நிற்கின்றார். தந்தையின் குடிக்குத் தந்தையே காரணம். பிள்ளையின் படிப்பு நின்றதற்குத் தாயின் அறியாமையே காரணம். வறுமைக்குப் பழைய வழிபாடே காரணம். துன்பத்தின் வரலாறு நீக்கப்பட்டு, துன்புற்றோரின் குற்றம் மட்டும் எஞ்சுகின்றது.

இவ்வாறே விடுபட்ட பிறவற்றையும் நோக்கலாம். 1942 – 1943இல் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழரின் நினைவை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' புதினமாக்கிற்று. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தமிழகத் துறைமுகங்களையும் மலாயாவையும் இணைத்த ரஜுலா கப்பலின் பயணம் பலரின் குடும்பப் பேச்சில் வாழ்கின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டுக் குடும்பங்கள் வெளியேறியதும் இவ்வட்டாரத்தார் அறிந்தவை. கடலில் தத்தளித்தோரையும் சிறைப்பட்டோரையும் வேறுவேறாகப் பாடிய சங்கீதத்தை ஓதும் சபைகளில், இக்கடலும் இச்சிறையும் சாட்சிப் பொருளாவது அரிது. அவை 'உலகக் காரியம்' என ஒதுக்கப்பட்டு, கடவுள் செயற்பட்ட களம் தனிமனித உடலாகவும் உள்ளமாகவும் சுருங்கிவிட்டது.

ஒரு மறுப்பும் விடையும்

'சாட்சி துதிக்காகச் சொல்லப்படுவது, வரலாற்றுப் பாடமன்று. வழிபாட்டில் நிற்பவரிடம் கூலிமுறையின் வரலாற்றைக் கேட்பது பொருந்துமா?' என வினவலாம். இம்மறுப்பு வலிமையுடையது. தன் மகன் பிழைத்ததற்கு நன்றி சொல்லும் தாயிடம் திறனாய்வாளர் குறுக்கிட்டு ஆண்டுக்கணக்குக் கேட்பது அறமாகாது. அவள் சொல்வது அவளுக்கு உண்மை. அதன் ஆற்றலைக் குலைக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் இங்கு எழுப்பப்படும் வினா தனியொருவரின் சாட்சியை நோக்கியதன்று. அதனை வடிவமைக்கும் மரபை நோக்கியது. எந்தப் பகுதிக்குச் சபை 'ஆமென்' சொல்கின்றதோ அந்தப் பகுதியே அடுத்த சாட்சியில் வளர்கின்றது. எதற்கு அமைதி காக்கின்றதோ அது அடுத்த முறை சொல்லப்படுவதில்லை. கேட்போரே வடிவத்தை உருவாக்குகின்றனர். மேலும், துதிக்கும் வரலாற்றுக்கும் இடையே மதில் எழுப்புவது திருமறையின் வழியன்று. அங்கே வரலாறே துதியின் உள்ளடக்கம். சுமத்தப்பட்ட சுமையை அளந்து சொன்னால்தான் அதனை இறக்கிய கையின் வலிமை விளங்கும். பார்வோனைச் சிறிதாக்கினால் மீட்பும் சிறிதாகிவிடும். ஆகவே இது சமூகவியலார் சமயத்தின்மேல் வைக்கும் கோரிக்கையன்று; சமயத்தின் உள்ளிருந்தே எழும் கோரிக்கை.

எவரோடு பகிர்தல்?

பகர்தல், பகிர்தல் என்னும் இரு சொற்களையும் வேரால் ஒன்றெனக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் சாட்சியில் அவை சந்திக்கின்றன. சொல்லப்படுவது எதுவோ அது பகிரப்படுகின்றது. அவ்வாறாயின், பெறுபவர் யார்?

கிரியான் வட்டாரத்தில் ஒரே குடும்பத்தில் தமக்கை திருச்சபையிலும் தம்பி மாரியம்மன் கோவில் திருவிழாக் குழுவிலும் இருப்பது புதுமையன்று. அண்மையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமின் தூய அன்னம்மாள் ஆலயம் 2019இல் இளம் பேராலயமாக உயர்த்தப்பெற்றது. ஆண்டுதோறும் சூலை இறுதியில் நிகழும் அதன் திருவிழாவில் மெழுகுவத்தி ஏந்துவோருள் இந்துக்களும் உளர். இத்தகைய சூழலில் சபைக்குள் சொல்லப்படும் சாட்சி சபைக்குள் நிற்பதில்லை. அது வீடு திரும்புகின்றது. பழைய வழிபாட்டை இருளென்றும் பேயென்றும் சித்திரிக்கும் ஒரு தொடர், கேட்கும் உடன்பிறப்பின் தாயையும் பாட்டியையும் சேர்த்தே இழிவுபடுத்துகின்றது. அப்பாட்டியே பசித்த நாளில் சாட்சியாளருக்குச் சோறிட்டவராயிருக்கவும் கூடும். அவரது அன்பைக் கடவுளின் செயல்களுள் ஒன்றாக எண்ணும் சாட்சி ஏன் அரிதாயிற்று என்பது சபையார் தமக்குள் வினவவேண்டியது.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் நலம்பெற்ற மனிதன் இயேசுவோடு செல்ல விரும்புகின்றான். ஆனால் தன் வீட்டாரிடம் சென்று தனக்குச் செய்யப்பட்டதைச் சொல்லுமாறு அனுப்பப்படுகின்றான். அவனது முன்னிலையை நன்கறிந்தவர்களே அவனுக்குக் கேட்போராகக் குறிக்கப்பட்டனர். வீட்டாரிடம் மிகைப்படுத்த இயலாது. அவர்கள் எல்லாவற்றையும் கண்டவர்கள். யோவான் 4ஆம் அதிகாரத்துச் சமாரியப் பெண் ஊராரை அழைக்கின்றாள். அவர்களோ பின்னர் அவள் சொல்லால் அன்றித் தாமே கேட்டு நம்பியதாகச் சொல்லிவிடுகின்றனர். சாட்சி சொன்னவர் விலகி நிற்க, கேட்டவர் தாமே காணும் நிலையே பகிர்தலின் நிறைவு. கேட்போரை வெல்வது அதன் நோக்கமாயின் அது வழக்குரையாகிவிடும்.

ஆய்வாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

இவ்வடிவம் இன்று இரு முனைகளில் தேய்கின்றது. தோட்ட வாழ்வை நேரில் அறிந்த தலைமுறை மறைகின்றது; இளையோரிடையே ஆங்கில வழிபாட்டின் ஈர்ப்பு மிகுகின்றது. சாட்சி ஆங்கிலத்திற்கு மாறும்போது லயம், தண்டல், ஆயக்கொட்டகை, மங்கு, பெரட்டு என்னும் சொற்களும், அவை தாங்கும் வாழ்வும் உதிர்ந்துவிடும்.

எனவே, பல்கலைக்கழக மாணவர்களின் கள ஆய்வுகளில் சாட்சி ஒரு தனிவகையாகச் சேர்க்கப்பெறல் வேண்டும். தொகுக்கும்போது சொல்வோரின் இசைவு முதன்மை. அவர்தம் பேச்சுமொழியைத் திருத்தாமல் பதிதல், வாய்பாட்டுத் தொடர்களை விலக்காமல் குறித்தல், சபையாரின் எதிர்வினையையும் உடன்பதிதல் ஆகியன வேண்டப்படும். தொகுப்பாளர் சமய நம்பிக்கையை நிறுவவோ மறுக்கவோ முற்படலாகாது. வழிபாடு முடிந்தபின், அமைதியான ஒரு பொழுதில், யோசுவாவின் நூலில் வரும் பிள்ளையைப் போல் வினவலாம். 'அப்பொழுது எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? கூலி எவ்வளவு? கடை யாருடையது? உடனிருந்தவர்கள் என்னவானார்கள்?' இவ்வினாக்கள் சாட்சியைச் சிதைப்பதில்லை. பனியனின் மாளிகை மகளிர் வினவியதும் இவ்வாறே. பயணியின் கதை அவ்வினாக்களால் விரிந்ததேயன்றிக் குறையவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. சமயம் எதுவாயினும், 'என் பாட்டி நன்றியோடு நினைவுகூரும் ஒரு நாள்' எனும் தலைப்பில் மாணவர் தம் வீட்டில் கேட்டு எழுதும் பயிற்சி, கட்டுரைத் திறனோடு வட்டார வரலாற்றையும் வளர்க்கும். கோவில் நேர்த்திக்கடனும் சபையின் சாட்சியும் ஒரே வகுப்பறையில் அருகருகே வாசிக்கப்பெறும்போது, நன்றி என்னும் பண்பு எல்லாருக்கும் பொதுவானது என்பதை மாணவர் தாமே உணர்வர்.

முடிவுரை

சாட்சி, மலேசியத் தமிழரின் கவனிக்கப்பெறாத கதைகூறல் வகை. கரி, சான்று எனத் தமிழ் வளர்த்த அறக்கருத்தும், பக்தி இலக்கியத்தின் உருக்கமும், திருமறையின் நினைவுகூர்தல் கட்டளையும் அதில் கலந்துள்ளன. பேசவியலாதோர்க்குப் பேச்சளித்தது அதன் பெருமை. துன்பத்தின் காரணத்தைத் துன்புற்றோரிடமே ஏற்றியதும், விட்டுவந்த உறவைத் தாழ்த்தியதும் அதன் குறைகள். இக்குறைகளை நீக்குதற்கு அயல்மரபை நாடவேண்டியதில்லை. முதற்கனிக் கூடையோடு நின்ற உழவனின் உரையிலும், கிருஷ்ண பிள்ளை தம் பழந்தமிழைக் கைவிடாமல் பாடிய பாட்டிலும் அதற்கான வழி உண்டு.

கடவுளின் செயலை நினைப்பவர், அச்செயல் நிகழ்ந்த நிலத்தையும் நினைத்தல் வேண்டும். கிரியானில் அந்நிலம் கரும்புக் காடாகவும் ரப்பர் நிரையாகவும் இருந்தது. அங்கே கூக்குரலும் எழுந்தது. அக்கூக்குரலையும் சேர்த்துச் சொல்லும் சாட்சியே கண்டதனைத்தையும் சொன்ன சாட்சியாகும்.